கண்ணாடி வேலைதான் படிப்பேன் என்கிற மகளுக்காக

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். உயர்தரம் படிக்கிற பிள்ளை கண்ணாடி ஊதுகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு "இதுதான் என் தொழில்" என்றால் எந்தத் தாய்க்கும் திக்கென்றுதான் இருக்கும். ஆனால் போன கிழமை அவள் என் மேசையில் வைத்த கிளாஸை நீங்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்களா?

சாதாரண தண்ணீர் கிளாஸ். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமானை, சின்ன ட்ரில்லின் வைர முனையால் செதுக்கியிருக்கிறாள். விரலால் தடவினால் மானின் வயிறு குழி. ஜன்னலுக்கு நேரே பிடித்து மற்றப் பக்கத்தால் பார்த்தால் அதே வயிறு புடைத்து நிற்கிறது. எங்கே ஆழமாக வெட்டினால் எது முன்னுக்கு வரும் என்று தலைகீழாக யோசிக்கத் தெரிந்த கைக்குத்தான் இது வரும். கால்கள் கோணல், கொம்பில் கை நடுங்கியிருக்கிறது. அதெல்லாம் பழகப் பழகச் சரியாகும்.

ஆகவே நான் சொல்வது இதுதான்: உலை இப்போதைக்கு வேண்டாம், செதுக்கலில் தொடங்கட்டும்.

ஊதுவதற்குக் கண்ணாடி சுமார் 1100 பாகை செல்சியஸில் தேன்போல இளகி நிற்க வேண்டும். இரவில் அணைத்துக் காலையில் மூட்டுகிற அடுப்பு இல்லை அது, நாள்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும். ஊதி முடித்ததையும் அப்படியே வெளியே வைக்க முடியாது. 500 பாகையளவில் இன்னொரு அடுப்பில் வைத்து மணிக்கணக்காக மெல்ல ஆறவிடாவிட்டால் வெடித்துவிடும். இவ்வளவு செலவை ஒரு குடும்பம் தாங்க வேண்டியதில்லை. செதுக்க ஒரு மேசையும் ட்ரில்லும் நல்ல வெளிச்சமும் போதும்.

"அப்போ ஊதுகிற ஆசை?" என்று கேட்டாள். அது எங்கேயும் போகாது. செதுக்கலும் ஊதலும் சேர்கிற வழியும் உண்டு: 1916இல் சுவீடனின் ஒரெஃபோர்ஸ் கண்ணாடித் தொழிற்சாலையில் கிரால் என்றொரு முறையைக் கண்டுபிடித்தார்கள். நிறக் கண்ணாடியில் முதலில் செதுக்கி, திரும்பச் சூடாக்கி ஊதுவது. செதுக்கிய கோடுகள் ஊதும்போது இளகி விரியும். முன்பெல்லாம் கண்ணாடி ஊதுவது பெரும்பாலும் தொழிற்சாலை வேலையாக இருந்தது. 1962இல் அமெரிக்காவின் டொலிடோவில் ஹார்வி லிட்டில்டன் என்ற கண்ணாடிக் கலைஞர் சின்ன உலையோடு நடத்திய பட்டறைக்குப் பிறகுதான் தனிக் கலைஞர்கள் பெருகினார்கள். இன்றும் ஒருவர் ஊதிக் கொடுக்க இன்னொருவர் செதுக்குவது வழக்கம்.

கண்ணாடி செய்யப் பக்கத்திலேயே புல்மோட்டைக் கடற்கரை மணல் இருக்கிறதே என்று அவளுடைய அப்பா கேட்டாராம். அது இல்மனைற் மணல், இரும்பு கலந்தது. கண்ணாடிக்கு வேண்டிய சிலிக்கா மணல் நாத்தாண்டியாவிலும் வல்லிபுரம் பக்கமும்தான் கிடைக்கிறது. இரும்பு சேர்ந்தால் கண்ணாடி பச்சையடிக்கும்.

வருமானத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். கலியாணப் பரிசு, வெற்றிக் கிண்ணம், நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்குப் பெயர் பொறித்த கிளாஸ் என்று வேலை தேடிப் பிடிக்கலாம். ஆனால் முதல் இரண்டு மூன்று வருடம் இதை மட்டும் நம்ப வேண்டாம். உயர்தரத்தைக் கட்டாயம் முடிக்கட்டும். அப்புறம் ஓர் ஆறு மாதம் அலுமினியம், கண்ணாடிக் கடையொன்றில் வேலை பழகினால் வெட்டவும் விளிம்பு தேய்க்கவும் கை வரும். கெமிஸ்ட்ரி படிக்கிறவள் என்பதால் ஆய்வுகூடக் கண்ணாடிக் கருவிகள் செய்கிற வேலையும் அவளுக்குப் பொருந்தும். நியூ ஜெர்சியின் சேலம் கம்யூனிட்டி கொலேஜில் அதற்கென்றே இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது.

இன்றிலிருந்தே கவனிக்க வேண்டியது தூசி. கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கூடாது. முனையையும் கண்ணாடியையும் ஈரமாக வைத்துக்கொண்டுதான் செதுக்க வேண்டும். தண்ணீர் இருக்கிற இடத்தில் பற்றரி ட்ரில்தான் நல்லது. மாஸ்க்கும் கண்ணுக்குக் கவசமும் இல்லாமல் தொடவே விடாதீர்கள். டெம்பர்ட் கண்ணாடியில், அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடியில், கை வைக்கக் கூடாது. ஆழமாகச் செதுக்கினால் முழுதும் நொறுங்கிப்போகும்.

வருகிற சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அடி தடித்த கிளாஸ் ஒன்றையும் எடுத்து வரச் சொல்லுங்கள். அந்த மானின் கால்களை என் முன்னால் இன்னொரு தரம் செதுக்கிப் பார்க்கட்டும்.