மனச்சோர்வு மட்டும் இருந்தால் கனடாவில் மரணத்துக்கு மருத்துவ உதவி கிடைக்குமா?

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கும் என் தங்கைக்குப் பல ஆண்டுகளாகக் கடும் மனச்சோர்வு. 2027இல் சட்டம் மாறியதும், வைத்தியர் உதவியுடன் இறக்க விண்ணப்பிப்பேன் என்கிறாள். இப்போதே பதிந்து வைக்கலாம் என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மனநோயை மட்டுமே காரணமாகக் காட்டி இந்த உதவியைப் பெறக் கனடாவில் இன்று எவருக்கும் வழியில்லை. 2021இல் வைத்த தற்காலிகத் தடையை நாடாளுமன்றம் இருமுறை நீட்டியதால், இப்போதுள்ள சட்டப்படி அது 2027 மார்ச் 17 வரை நிற்கிறது; அதற்குள் சட்டம் மீண்டும் மாறவும் கூடும். முன்பதிவு என்று ஒன்று கிடையாது. தகுதியுள்ள நோயாளிக்கும் இது அரச காப்புறுதியில் கிடைக்கும் சேவையே என்பதால், படிவம் நிரப்பவோ வைத்தியரைப் பிடித்துத் தரவோ கட்டணம் கேட்பவர் உங்கள் துயரத்தை விற்றுப் பிழைப்பவர்.

ஒரு விலக்கு உண்டு; இடைத்தரகர்கள் பிடித்துக்கொள்வதும் அதைத்தான். மனநோயோடு தீராத கடும் உடல்நோயும் உள்ள ஒருவர், அந்த உடல்நோயின் பேரில் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த நோயே குணப்படுத்த முடியாததாகி, உடல் மீளமுடியாதபடி தளர்ந்து, தாங்கவியலாத வேதனை தருவதாக இருக்க வேண்டும். மரணம் அண்மையில் எதிர்பார்க்கப்படாத நோயாளியை, ஒருவரையொருவர் சாராத இரு மதிப்பீட்டாளர்கள் பார்க்க வேண்டும், அதற்குக் குறைந்தது 90 நாட்கள் செல்ல வேண்டும். நீரிழிவையோ மூட்டுவலியையோ பெரிதாக்கி எழுதித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

2027இலும் இந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இறக்க விரும்புவது மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. இந்த நோயாளி இனி ஒருபோதும் தேறமாட்டார் என்று எந்த உளமருத்துவராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. மரண விண்ணப்பத்தை மதிப்பிட நாட்கணக்கு வகுத்த நாட்டில், உளமருத்துவரைப் பார்க்கக் காத்திருப்பதற்கு அப்படியொரு எல்லை இல்லை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தங்கையோடு நீங்களும் குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள். இதுவரை கொடுத்த ஒவ்வொரு மருந்தும் எந்த அளவில், எத்தனை வாரம் கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். பலன் தரவில்லை என்று கைவிடப்பட்டவற்றில் சில, போதிய அளவை எட்டுமுன்னே நிறுத்தப்பட்டிருக்கலாம். லித்தியம் என்ற மருந்தைச் சேர்ப்பது, மயக்கமருந்து கொடுத்துச் செய்யும் மின்னதிர்வுச் சிகிச்சை ஆகியவை பற்றியும், ஒன்ராறியோ அரசு இலவசமாக நடத்தும் உளச்சிகிச்சைத் திட்டம் பற்றியும் விசாரித்து, உளமருத்துவருக்கான பரிந்துரைக் கடிதத்தைக் கையோடு கேளுங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இப்போது இருக்கிறதா என்று தங்கையிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கிறது என்றால் தனியே விடாமல், இரவானாலும் பகலானாலும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு அழையுங்கள் அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள். உடனடி ஆபத்தென்றால் 911ஐ அழையுங்கள்.