டிகாப்ரியோ கட்டுரையை டைட்டானிக்கில் தொடங்காதீர்கள்

கல்லூரி மலருக்கு ஹாலிவுட் நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோ பற்றி எழுதுகிறீர்கள், 'டைட்டானிக் என்ற ஒரே படத்தில் உலகப் புகழ்' என்ற முதல் வரியோடு கட்டுரை நின்றுவிட்டது, எப்படித் தொடர்வது என்று கேட்டிருந்தீர்கள். சிக்கலே அந்த வரிதான், எடுத்துவிடுங்கள்.

1993-இல் வந்த 'வாட்ஸ் ஈட்டிங் கில்பர்ட் கிரேப்' படத்திலிருந்து தொடங்குங்கள். மனவளர்ச்சி குன்றிய பையனாக ஊர்த் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிக்கொள்வார். அழகன் என்ற நினைப்பே நமக்கு வராது. 19 வயதில் அதற்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அப்புறம் 1996-இல் 'ரோமியோ + ஜூலியட்'. மீன் தொட்டிக் கண்ணாடி வழியாக ஜூலியட்டை முதன்முதலில் பார்க்கும் காட்சியைத் தயவுசெய்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். வசனமே கிடையாது, கண்ணும் ஒரு சின்னச் சிரிப்பும்தான். ரசிகைகள் பட்டாளம் அங்கேயே சேரத் தொடங்கிவிட்டது. 1997 டிசம்பரில் டைட்டானிக் அதை உலகம் முழுக்கப் பரப்பியது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பின்னால்தான் வருகிறது. 1998-இல் அந்தப் படம் 11 ஆஸ்கர் அள்ளியபோது இவர் பெயர் பரிந்துரையில்கூட இல்லை. கனவு நாயகன் பட்டத்தை வைத்தே காலம் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. 2002-இல் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி படத்தில் நடித்தார், தொடர்ந்து கடினமான வேடங்களாகத் தேடிப் போனார். ஆஸ்கர் கைக்கு வந்தது 2016-இல். கட்டுரையில் பாதி இடத்தை அந்த 18 வருடங்களுக்குக் கொடுங்கள்.