பேகுன்கோடரை மூடியது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிராமத்து ரயில் நிலையங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மேற்கு வங்கத்தில் பேகுன்கோடர் என்ற நிலையம் பேய்க்குப் பயந்து 42 ஆண்டுகள் மூடிக் கிடந்ததாம். ஒரு புரளியால் நிலையத்தை மூட முடியுமா? அப்படிச் செத்துப்போனதைத் திரும்பத் திறந்துதான் என்ன பயன்? பஸ் வந்துவிட்டதே.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புருலியா மாவட்டத்தில் 1960-ல் திறந்த நிலையம் அது. 1967-ல் நிலைய ஊழியர் ஒருவர் தண்டவாளத்தில் வெள்ளைப் புடவை கட்டிய பெண்ணின் ஆவியைப் பார்த்ததாகச் சொன்னாராம். பிறகு அவர் இறந்துபோக, அங்கே வேலை பார்க்க வேறு யாரும் சம்மதிக்கவில்லை. ரயில்கள் நிற்காமல் போகத் தொடங்கின.

எம்.பி.யாக இருந்த பாசுதேவ் ஆச்சார்யா, அந்த ஊருக்கு மாற்றலாகிப் போக விரும்பாத ஊழியர்கள் கட்டிவிட்ட கதை இது என்றார். நானும் அதையே நம்புகிறேன். அவர்கள்மேல் கோபம் வரவில்லை. ஆளரவமற்ற இடத்தில் ராத்திரி முழுக்கத் தனியாகக் கொடி விளக்கோடு நிற்பவனுக்குப் பேய் தேவையே இல்லை, இருட்டே போதும். துணைக்கு இன்னொரு ஆளைப் போட்டிருந்தால் அந்தக் கதை ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது.

ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டுக் கேட்டு, மம்தா பானர்ஜி ரயில்வே அமைச்சராக இருந்த 2009-ல் நிலையம் திறந்தது. ஆனால் வெறும் ஹால்ட்டாக, அதாவது நிலைய அதிகாரி இல்லாத சின்ன நிறுத்தமாக. டிக்கெட் விற்க ஒரு தனியார் முகவர், அவ்வளவுதான். பொழுது சாய்ந்தால் நிலையத்தில் ஆள் கிடையாது. 2017-ல் பகுத்தறிவாளர் குழு ஒன்று அங்கே ஓர் இரவு தங்கிப் பார்த்தது. பேய் எதுவும் வரவில்லை. ரயில்வே ஊழியரும்தான் வரவில்லை.

பஸ் பற்றிக் கேட்டீர்கள். சரி, நம்மூர் காரைக்குடி–திருவாரூர் பாதைக்கு வருவோம். மீட்டர் கேஜை அகலப்பாதையாக்கப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2019 ஜூனில் திரும்ப ரயில் ஓடியது. சுமார் 150 கிலோமீட்டர் போக ஏறத்தாழ 6 மணி நேரம்! கேட் கீப்பர்கள் போதவில்லை. அப்போது ரயிலிலேயே வந்த ஊழியர் இறங்கிக் கேட்டை மூட வேண்டியிருந்தது. ரயில் மெதுவாகக் கடந்து நின்றது. அப்புறம் இன்னொருவர் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏற வேண்டியிருந்தது. வழியெல்லாம் இதே கதை. பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் அதில் எப்படி ஏறியிருப்பார்கள்? ஏறாவிட்டால், 'மக்களுக்கு ரயில் தேவைப்படவில்லை' என்று கணக்கெழுத எவ்வளவு நேரமாகும்? பஸ் ஜெயித்ததாக நாம் நினைக்கும் பல ஊர்களில் ரயிலை ஓடவே விடவில்லை.

எனவே, திறந்தது வீண் என்று நான் சொல்லமாட்டேன். பாதியில் நிறுத்தியதுதான் வீண். உங்கள் பக்கம் ஒரு நிலையம் திறக்கும்போது புதுப் பெயிண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். காலையில் முதல் வண்டி எத்தனை மணிக்கு, ராத்திரி கடைசி வண்டிக்கு விளக்கோடு யார் நிற்பார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.