வீட்டு ரெக்கார்டிங்குக்கு எந்த ஃபேடர் கன்ட்ரோலர்? கேள்வி பதில்

கேள்வி: க்யூபேஸ் மென்பொருளில் பாட்டு மிக்ஸ் செய்கிறேன் அண்ணா. எட்டு ஃபேடர் வாங்கலாமா, ஒன்று போதுமா?

ஃபேடர் என்பது ஒலி அளவை ஏற்றி இறக்கத் தள்ளும் குமிழ். திரையில் இருக்கும் ஃபேடரை மவுஸுக்குப் பதில் கையால் நகர்த்த உதவுவதுதான் ஃபேடர் கன்ட்ரோலர். வீட்டில் மிக்ஸ் செய்பவர்களில் பெரும்பாலோர் ஒரு சமயத்தில் ஒரு ட்ராக்கைத்தான் கையால் நகர்த்துவார்கள். அதுவும் அநேகமாகக் குரல் ட்ராக்காகத்தான் இருக்கும். அதற்கு ப்ரீசோனஸ் ஃபேடர்போர்ட், பெரிஞ்சர் எக்ஸ்-டச் ஒன் மாதிரி ஒற்றை ஃபேடர் போதும் தம்பி. இரண்டிலும் 100 மி.மீ. மோட்டார் ஃபேடர், விரல் பட்டால் அதற்குத் தெரியும். திரையில் எந்த ட்ராக்கைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ, அதன் அளவுக்கு ஃபேடர் தானே ஓடிப்போய் நிற்கும். டிரம்ஸை ஏழெட்டு மைக்கில் எடுப்பவர்களுக்கும், கோரஸ் குரல்களைச் சேர்த்து ஏற்றி இறக்குபவர்களுக்கும்தான் எட்டு ஃபேடர் தேவை.

கேள்வி: கோர்க் நானோகன்ட்ரோல் 2 விலை குறைவு, எட்டு ஃபேடரும் இருக்கிறதே?

ப்ளே, ஸ்டாப் பொத்தான்களுக்கு நல்ல கருவி. ஆனால் ஃபேடர் குட்டை, மோட்டாரும் கிடையாது. ஒன்று முதல் எட்டு வரையான ட்ராக்கிலிருந்து அடுத்த எட்டுக்குப் போனால் ஃபேடர் பழைய இடத்திலேயே நிற்கும். தொட்டதும் சத்தம் எகிறும், இல்லையென்றால் பழைய அளவைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஃபேடரின் நகர்வு எத்தனை படிகளாகப் பிரிகிறது என்பதையும் பாருங்கள். கருவி கணினிக்குக் கட்டளை அனுப்பும் மொழி மிடி. அதில் சாதாரண கன்ட்ரோல் செய்தி 0 முதல் 127 வரை, மொத்தம் 128 படி. பொதுவான ஃபேடர் அளவுக்கோட்டில் 0 டெசிபலை ஒட்டி ஒரு படிக்கு ஏறக்குறைய 0.3 டெசிபல் மாறும், அது பரவாயில்லை. கீழே, மைனஸ் 30-க்கும் மைனஸ் 60-க்கும் இடையில் ஒரு படிக்கு ஒரு டெசிபலைத் தாண்டிவிடும். பாட்டின் கடைசியில் மெல்ல இறக்கும்போது படிப்படியாக விழுவது காதில் படும். கன்ட்ரோலரும் மிக்ஸ் மென்பொருளும் பேசிக்கொள்ளும் முறைகளில் ஒன்றான மேக்கி கன்ட்ரோலில், ஃபேடர் அளவு பிட்ச் பெண்ட் என்ற வேறு வகை மிடி செய்தியாகப் போகிறது. அதில் படிகள் மிக நெருக்கம், இந்தச் சிக்கல் வராது.

கேள்வி: இதை வாங்கினால் குரல் தெளிவாகுமா? மைக்கை இதில் செருகலாமா?

இரண்டும் நடக்காது. கட்டளைகள் மட்டும்தான் இதன் வழியே போகும், ஒலி போகாது. மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோக ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற தனிக் கருவி வேண்டும்.

கேள்வி: கம்ப்ரசர் போட்டால் குரல் சமமாகிவிடுமே. கையால் ஏற்றி இறக்குவது அந்தக் கால வேலை இல்லையா?

இல்லை. பெரிய ஒலியைத் தானே அமுக்கிச் சமப்படுத்துவது கம்ப்ரசர். ஒலி எவ்வளவு பெரியது என்பதுதான் அதற்குத் தெரியும், பாட்டு தெரியாது. ஒரு பாடகி மேல் ஸ்தாயியில் வரியை எடுத்து, இறங்கி வந்து, கடைசி அசையை மெல்ல விடுகிறார். அந்த அசை வயலினுக்கு அடியில் போய்விடுகிறது. அதை வெளியே கொண்டுவர கம்ப்ரசரை இறுக்கினால் மேலே எடுத்த இடம் அமுங்கும், மூச்சும் மின்விசிறி இரைச்சலும் எழும்பும். ஃபேடரில் விரல் வைத்திருப்பவர் அந்த அசைக்கு மட்டும் 2 டெசிபல் கொடுத்துவிட்டு, அடுத்த மூச்சுக்கு முன்னால் இறக்கிவிடுவார். கேட்பவருக்குப் பாடகி நெருங்கி வந்து சொன்னது போல இருக்கும்.

(அவரே மீண்டும்): அதைத் திரையில் மவுஸால் ஒலி அளவுக் கோடு போட்டே செய்யலாமே?

செய்யலாம். ஆனால் கோடு போடும்போது அலைவடிவத்தைப் பார்த்துக் கண் முடிவெடுக்கிறது. சின்னதாகத் தெரியும் இடத்தையெல்லாம் தூக்கிவிடுவோம், அதில் பாதி சின்னதாகவே இருக்க வேண்டிய இடம். திரையை அணைத்துவிட்டு ஃபேடரோடு பாட்டை முழுதாக ஓட்டுங்கள். அப்புறம் தவறிய இடங்களை மட்டும் மவுஸால் திருத்துங்கள்.

ஃபேடர் நகர்வை மென்பொருள் பதிந்துவைப்பதுதான் ஆட்டோமேஷன். அதை ‘டச்’ முறையில் வையுங்கள். விரலை எடுத்ததும் அளவு பழைய இடத்துக்குத் திரும்பும். ‘லாட்ச்’சில் நிறுத்தும்வரை கடைசி அளவிலேயே நிற்கும். இன்னொன்று, நகத்தால் தள்ளாதீர்கள். விரலின் தோல் பட்டால்தான் ஃபேடருக்குத் தெரியும், நகத்தால் தள்ளினால் மோட்டார் எதிர்த்து இழுக்கும்.

(இன்னொருவர்): நான் முதலில் ஃபேடரில் சமப்படுத்திவிட்டு, பிறகு கம்ப்ரசருக்கு அனுப்புகிறேன். சரிதானே?

பெரும்பாலான மென்பொருள்களில் ஃபேடர், கம்ப்ரசர் போன்ற ப்ளக்-இன்களுக்குப் பிறகுதான் வருகிறது. அதனால் நீங்கள் நகர்த்துவது கம்ப்ரசருக்குப் போவதே இல்லை. அதற்கு முன்னால் சமப்படுத்த கிளிப் கெயினை, அதாவது பதிவான ஒலித்துண்டின் சொந்த அளவை, மாற்றுங்கள். ரீப்பர் மென்பொருளில் ப்ளக்-இன்னுக்கு முந்தைய வால்யூமுக்கே தனி என்வலப் (அளவுக் கோடு) உண்டு. பெரிய மேடுபள்ளத்தை முன்னால் சரிசெய்யுங்கள், உணர்ச்சிக்கு ஏற்றபடி ஏற்றி இறக்குவதைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபேடரைத் தள்ளினால் திரையில் நகர்கிறது, மவுஸால் நகர்த்தினால் ஃபேடர் அசையவில்லை. மோட்டார் போய்விட்டதா?

அநேகமாக இல்லை. மிடி இன்புட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு அவுட்புட்டை விட்டிருப்பீர்கள். இரண்டிலும் அதே கருவி இருக்க வேண்டும். அதன் பிறகும் அசையாவிட்டால் பவர் அடாப்டரைப் பாருங்கள்.

கேள்வி: ப்ரோ டூல்ஸ் மென்பொருளுக்கு எட்டு சேனல் எக்ஸ்-டச் ஒத்துவருமா?

வரும், மேக்கி கன்ட்ரோல் மாதிரி இன்னொரு முறையான ஹுயியில். சேனல் 1-இன் செலக்ட் பொத்தானை அழுத்தியபடி பவர் போட்டால் முறையை மாற்றலாம். உங்கள் மென்பொருள் எந்த முறையை ஏற்கிறது என்று அதன் கையேட்டில் பார்க்காமல் யாரும் பணத்தைக் கட்டாதீர்கள்.

கேள்வி: இதில் ஹெட்ஃபோன் செருகினால் சத்தம் நன்றாக இருக்குமா சார்?

மைக் பற்றிய கேள்விக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். ஒலி இதன் வழியே போகாது.

கேள்வி: எஃப்எல் ஸ்டூடியோவுக்கு எது?

கையேட்டைப் பாருங்கள் என்று இப்போதுதான் சொன்னேன்.

கேள்வி: பழையது ஒன்று வாங்கப் போகிறேன். எதைச் சோதிப்பது?

உங்கள் லேப்டாப்பைக் கொண்டுபோய் இணையுங்கள். திரையிலிருந்து ஒவ்வொரு ஃபேடரையும் அடிவரை இறக்கி, உச்சிவரை ஏற்றுங்கள். போய் நிற்கும் இடத்தில் நடுங்கினாலோ பாதியில் திக்கினாலோ வேண்டாம். டச் முறையில் ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் பாருங்கள். ‘கொஞ்சம் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்’ என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். எண்ணெய் விட்ட ஃபேடரில் தூசி ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே எண்ணெய் விட்டிருந்தால் அதையும் வாங்காதீர்கள்.