கைதுக்குப் பிறகு: வக்கீல், ஜாமீன், ஜாமீன்தாரர் (கேள்வி பதில்)

தமிழ்நாட்டில் கைது, ரிமாண்ட் (கைதானவரைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடுவது), ஜாமீன் குறித்து வந்த கேள்விகளுக்கு ஒரு குற்றவியல் வழக்கறிஞரின் பதில்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் அதன்படியே.

சேலம்: தம்பியை ராத்திரி ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கைதா, விசாரணையான்னு சொல்ல மாட்டேங்கறாங்க. முதல்ல என்ன செய்யணும்?

நான்கு விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: குற்ற எண், சட்டப் பிரிவுகள், கைதான நேரம், எந்த மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தப் போகிறார்கள். கைது என்றால் கைதுக் குறிப்பாணை எழுதியே ஆக வேண்டும். அதில் குடும்பத்தினரோ அந்தப் பகுதி மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை உறவினருக்குச் சொல்வது காவல்துறையின் கடமை (பிரிவு 48).

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பிரச்சினை வருவது இந்தக் கணக்கில்தான். ராத்திரி 10 மணிக்குக் கூட்டிப் போனவரை மறுநாள் மதியம் கைது செய்ததாக எழுதுவது உண்டு. அதனால் பதில் வரவில்லை என்றால், இன்ன நேரத்தில், இன்ன இடத்திலிருந்து அழைத்துச் சென்றார்கள் என்று எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கு உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் பதிவாகும் நேரம் பின்னால் உங்களுக்குச் சாட்சி. 24 மணி நேரம் கடந்தும் நிறுத்தவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

திருச்சி: ரிமாண்ட் பண்ணும்போதே வக்கீல் வேணுமா? ஜாமீன் மனு போடும்போது வச்சுக்கிட்டா போதாதா?

போதாது. ரிமாண்ட் ஆகிவிட்டால் சிறை, ஆகாவிட்டால் வீடு. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றமென்றால், நோட்டீஸ் கொடுத்து விசாரிக்காமல் கைது ஏன் தேவைப்பட்டது என்று காவல்துறை காரணம் காட்ட வேண்டும். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. கைதுக்கான காரணங்களை, கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும். மாஜிஸ்திரேட் முன் நிறுத்த குறைந்தது 2 மணி நேரத்துக்கு முன்பாவது அது கையில் வந்திருக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்கிறது. இவற்றை எழுப்ப வேண்டிய இடம் ரிமாண்ட் நேரம்தான். உடம்பில் காயம் இருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் அப்போதே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே பதிவாகாத காயத்தைப் பின்னால் நிரூபிப்பது மிகக் கடினம்.

மதுரை: தெரிஞ்ச வக்கீல் யாரும் இல்லை. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அந்தக் காவல் நிலையம் எந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டின் எல்லைக்குள் வருகிறதோ, அங்கே தினமும் ஆஜராகும் கிரிமினல் வக்கீலைத் தேடுங்கள். ஊரில் பெயர் பெற்ற சிவில் வக்கீலைவிட அவரே இப்போது பயன்படுவார். ஸ்டேஷனிலேயே 'இவரைப் பாருங்க' என்று கைகாட்டப்படுபவரைத் தவிர்ப்பது நல்லது. உங்களைக் கைது செய்த தரப்பின் தயவில் வேலை பெறுபவர் அவர்களை எதிர்த்துப் பேசத் தயங்கலாம்.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. எனவே இணையத்தில் முதலில் வரும் பெயரை நம்பிப் போகாதீர்கள். பதிவு எண்ணைக் கேட்டால் நேர்மையான வக்கீல் கோபப்பட மாட்டார். ரிமாண்ட், ஜாமீன் மனு, ஜாமீன்தாரர் நிறுத்துவது, தள்ளுபடியானால் செஷன்ஸ் கோர்ட் என ஒவ்வொன்றுக்கும் கட்டணம் எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். 'இன்னைக்கே வெளியே கொண்டு வந்துடறேன்' என்று உறுதி தருபவர் தன் கையில் இல்லாததை விற்கிறார். நிரப்பாத வக்காலத்திலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

பணம் இல்லை என்றால், காவலில் இருக்கும் யாருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள்.

திருநெல்வேலி: ஜாமீனில் விடக்கூடிய குற்றம்னு எஃப்.ஐ.ஆர்-ல இருக்கு. கோர்ட்டுக்குப் போகணுமா?

ஸ்டேஷனிலேயே விட வேண்டும். அது சலுகை அல்ல, உரிமை (பிரிவு 478). ஜாமீன்தாரர் தர வசதியில்லாதவரைச் சொந்தப் பிணைப் பத்திரத்திலேயே விட வேண்டும். ஒரு வாரமாகியும் தர முடியவில்லை என்றால் வசதியற்றவர் என்றே கருத வேண்டும்.

கோயம்புத்தூர்: ஜாமீனுக்கு எவ்வளவு பணம் கட்டணும்? 10,000 ரூபாய்னு உத்தரவுல இருக்கு.

பெரும்பாலும் ஒரு பைசாகூடக் கட்ட வேண்டியதில்லை. '10,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையும், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்களும்' என்றால், அவர் தலைமறைவானால் அந்தத் தொகைக்கு நாங்கள் பொறுப்பு என்று அந்த இருவர் எழுதித் தருகிறார்கள். அவ்வளவுதான். ரொக்கமாக டெபாசிட் கட்டச் சொன்னால் அது உத்தரவில் தனியாக எழுதியிருக்கும். உத்தரவு நகலை நீங்களே படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வெளியே வருவது தாமதமாவது பெரும்பாலும் இங்கேதான். உத்தரவு திங்கட்கிழமை வந்தும் ஆள் வெள்ளிக்கிழமை வருவார். நடுவில் ஜாமீன்தாரர்களைத் தேடி அலைந்திருப்பார்கள். மனு போடும் நாளிலேயே இருவரையும் முடிவு செய்யுங்கள், முடிந்தால் மூன்றாவதாக ஒருவரையும். ஆதார் அல்லது வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு, புகைப்படங்கள், வீட்டு வரி ரசீது அல்லது சம்பளச் சான்று, இவற்றின் அசலும் நகலும் கையில் இருக்கட்டும். சில கோர்ட்டுகள் வி.ஏ.ஓ. சான்றோ தாசில்தாரிடமிருந்து சொத்து மதிப்புச் சான்றோ கேட்கும். இதை முன்கூட்டியே வக்கீலிடம் விசாரித்துவிடுங்கள், ஏனென்றால் அந்தச் சான்றுக்கே நாட்கள் ஆகும். 'ரத்த உறவினர் ஒருவர்' என்று நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆதாரில் ஒரு பெயர், வரி ரசீதில் வேறு இனிஷியல் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஜாமீன்தாரர் ஏற்கெனவே வேறு யாருக்கெல்லாம் ஜாமீன் நின்றிருக்கிறார் என்று உறுதிமொழியில் சொல்ல வேண்டும் (பிரிவு 486). கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். போலி ரசீது பிடிபட்டால் ஜாமீனும் போகும், புது வழக்கும் சேரும்.

விழுப்புரம்: உத்தரவு கிடைச்சு மூணு வாரமாச்சு. ஜாமீன்தாரர் கிடைக்கலை. சொந்தக்காரங்க வேற மாவட்டம்.

வேறு மாவட்டத்துக்காரர் என்பதற்காக மறுக்கக் கூடாது என்று மோதிராம் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் தர முடியாதவர்களின் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி விசாரணை நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி 31 உத்தரவு. சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் உடனே தளர்வு மனு போடுங்கள்.

தூத்துக்குடி: 90 நாள் ஆனா தானா ஜாமீன் கிடைக்குமா?

தானாகக் கிடைக்காது, கேட்க வேண்டும். மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். கைதான நாளிலிருந்து அல்ல, முதல் ரிமாண்ட் நாளிலிருந்து, அந்த நாளையும் சேர்த்து எண்ணுங்கள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் 61-ஆம் அல்லது 91-ஆம் நாள் காலையிலேயே மனு தாக்கலாகியிருக்க வேண்டும். நீங்கள் கேட்பதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். போதைப்பொருள் சட்டம், யு.ஏ.பி.ஏ. (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) போன்றவற்றில் கெடு வேறுபடலாம்.

வேலூர்: ஜாமீன் கிடைச்சும் விடலை. குண்டாஸ் போட்டுட்டாங்களாம்.

அப்படியென்றால் இந்த ஜாமீன் அவரை வெளியே கொண்டு வராது. குண்டர் சட்டத்தில் வைப்பது தடுப்புக் காவல், அதாவது இனி குற்றம் செய்யாமல் தடுக்க என்று வைக்கும் காவல்; 12 மாதம் வரை வைக்கலாம். அரசுக்கு முறையீடு அனுப்புங்கள், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போடுங்கள். ஜாமீன் மனுவுக்கு மேலும் செலவு செய்ய வேண்டாம்.

ஈரோடு: தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷன்ல கையெழுத்து. காய்ச்சலால ரெண்டு நாள் போகலை.

மருத்துவச் சான்றோடு இன்றே போய்க் கையெழுத்துப் போடுங்கள். வக்கீல் மூலம் கோர்ட்டிலும் காரணத்தைத் தாக்கல் செய்யுங்கள், ஜாமீனை ரத்து செய்ய மனு வரும்வரை காத்திருக்காதீர்கள். சில வாரம் ஒழுங்காகப் போட்ட பிறகு தளர்வு கேட்கலாம். அதற்கு ஸ்டேஷன் பதிவேட்டில் உங்கள் கையெழுத்துகளே ஆதாரம்.