துப்பறியும் கதைகளை மட்டுமே கேட்கும் மாணவர்களுக்கு

வணக்கம். உங்கள் பள்ளி நூலகத்தில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் துப்பறியும் கதைகளைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்றும், எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் நூலகப் பாடவேளையில் வெறுமனே அமர்ந்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள்.

துப்பறியும் கதைகளைத் தடுக்க வேண்டாம். அவற்றில் எது பிடித்திருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்; புதிரை அவிழ்ப்பதுதான் என்றால், கீழடியில் கிடைத்த பானை ஓடுகளைக் கொண்டு பழைய வாழ்க்கையை எவ்வாறு கணிக்கிறார்கள் என்று சொல்லும் நூலையோ, கைரேகையை விளக்கும் தடய அறிவியல் நூலையோ கொடுக்கலாம்; பரபரப்புதான் ஈர்க்கிறது என்றால், காட்டு அனுபவங்களும் கடற்பயண வரலாறுகளும் பொருந்தும். சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. வகுப்பு முழுவதற்கும் ஒரே பட்டியலைத் தருவது அதற்கு நேர்மாறானது என்பதே என் உறுதியான கருத்து.

தடுமாறிப் படிப்பவர்களுக்கு, தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளில் வெளியிட்ட சிறு நூல்கள் மிகவும் உதவும். ஆனால் அவற்றைத் தனி அலமாரியில் வைக்காதீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை எல்லோர் கண்முன்னும் அங்கே போய் நிற்கக் கூசும். பிற நூல்களோடும் துளிர் போன்ற அறிவியல் இதழ்களோடும் கலந்து, அட்டை தெரியும்படி மேசையில் பரப்புங்கள். வாரம் ஒரு நூலிலிருந்து சுவையான பக்கமொன்றை நீங்களே வாய்விட்டுப் படித்து, பாதியில் நிறுத்தி, அந்நூலை அங்கேயே விட்டுச் செல்லுங்கள்.