பேக்கா ஆக்டோபஸ் ஏன் ரப்பரானது?

கேள்வி: குரோயேஷியா போயிருந்தபோது ஸ்ப்ளிட் நகருக்குப் பக்கத்தில் ‘பேக்கா’ ஆக்டோபஸ் சாப்பிட்டோம். வாயில் வைத்ததும் கரைந்தது. சென்னை வந்து ஓவனில் செய்து பார்த்தேன். ரொம்ப வெந்துவிடக் கூடாதே என்று 40 நிமிடத்தில் எடுத்துவிட்டேன். அப்படியும் ரப்பர்! அடிப்பிடிக்காமல் இருக்க ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றியிருந்தேன். உருளைக்கிழங்கு அதில் மிதந்தது. எங்கே தப்பு?

பதில்: அந்த 40 நிமிடத்தில்தான். கணவாயை வாணலியில் இரண்டு நிமிடம் புரட்டி இறக்கிப் பழகியவர்கள் எல்லாருமே இங்கே சறுக்குவார்கள். நம் கடற்கரையில் பேய்க்கணவாய் என்று சொல்லும் ஆக்டோபஸின் சதையில் கொலாஜன் ஏராளம். சூடு பட்டதும் அது முதலில் சுருங்கி இறுகும். அப்புறம்தான் மெதுவாக இளகி ஜெலட்டினாக மாறும். இறுகிக் கிடந்த நேரம் பார்த்து நீங்கள் வெளியே எடுத்துவிட்டீர்கள். ரப்பரானது அதிகமாக வெந்ததால் அல்ல, போதுமான அளவு வேகாததால்.

பேக்கா என்பது உண்மையில் மூடியின் பெயர். கவிழ்த்த மணி போன்ற கனமான இரும்பு மூடி. தணல் சரியாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு விளிம்பு இருக்கும். குரோயேஷியாவின் டால்மேஷியாக் கரையோரத்தில் அடுப்புத் தளத்தை நன்றாகச் சூடாக்கி, தணலை ஒதுக்கி, தட்டை வைத்து, இந்த மூடியைக் கவிழ்த்து, மேலே தணலை அள்ளிப் போடுவார்கள். ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டி இறைச்சியும் இப்படித்தான் வேகும். அவசரத்துக்கு ஆகாத சமையல் இது. பல உணவகங்களில் முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொல்வது அதனால்தான்.

வீட்டில் இதற்குச் சரியான மாற்று, கனமான மூடியுள்ள வார்ப்பிரும்புச் சட்டி. அலுமினியத் தாளால் மூடிய தட்டில் நீராவி அவ்வளவாக நிற்காது.

ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ள ஆக்டோபஸை வாங்கிச் சுத்தம் செய்து இரண்டு நாள் ஃப்ரீசரில் வையுங்கள். உறையும்போது உருவாகும் பனிப்படிகங்கள் தசைநாரைக் கிழித்துவிடும். மீனவர்கள் பாறையில் அடித்து மென்மையாக்குவதும் இதற்காகத்தான். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு ராத்திரி வைத்து இளகவிட்டு, ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். உப்பு போடாதீர்கள். அதன் சாறே உப்புக் கரிக்கும். தேவையானால் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

சட்டியில் ஆலிவ் எண்ணெய் தாராளமாக ஊற்றி, வெங்காயம், பூண்டு, ஒரு கொத்து ரோஸ்மேரி, அதன்மேல் ஆக்டோபஸ். மூடி, 200 டிகிரியில் அரை மணி நேரம். ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். திறந்து பார்த்தால் சட்டியில் கருஞ்சிவப்பாகச் சாறு தேங்கி நிற்கும். ஆக்டோபஸோ பாதியாகச் சுருங்கிக் கிடக்கும். பயப்படாதீர்கள், அப்படித்தான் ஆகும். இப்போது ஒரு கிலோ உருளைக்கிழங்கைப் பெரிய துண்டுகளாக வெட்டிப் போட்டு, ஆக்டோபஸைத் திருப்பி, அரை டம்ளர் வெள்ளை ஒயின் ஊற்றி மறுபடி மூடுங்கள். உருளைக்கிழங்கையும் ஆரம்பத்திலேயே சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது, வீட்டு ஓவனில் குழைந்துபோகிறது.

இன்னும் 45 நிமிடம் கழித்து, கால் தடிப்பாக இருக்கும் இடத்தில் கத்தி முனையால் குத்துங்கள். வெந்த உருளைக்கிழங்கில் இறங்குவது போல இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மூடிவிட்டுப் பத்துப் பத்து நிமிடமாகக் கூட்டுங்கள். இறங்கியதும் மூடியை எடுத்துவிட்டு 20 நிமிடம் விடுங்கள். மேல்தணல் தரும் அந்தப் பொன்னிறமும் ஓரத்து மொறுமொறுப்பும் அப்போதுதான் வரும். மிச்சச் சாறும் சுண்டி உருளைக்கிழங்கில் ஒட்டிக்கொள்ளும்.

குக்கரில் முதலில் வேகவைத்துக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மென்மையாகும்தான். ஆனால் உருளைக்கிழங்கு குடிக்க வேண்டிய சாறெல்லாம் குக்கர் தண்ணீரோடு போய்விடும். அரைக் கிலோவுக்கும் குறைந்த குட்டிகள்தான் கிடைத்தன என்றால் நேரம் குறையும். கத்தியால் குத்திப் பார்ப்பதை, உருளைக்கிழங்கு போட்டு 45 நிமிடம் காத்திருக்காமல், அரை மணியிலேயே தொடங்கிவிடுங்கள்.